மூச்சுக்குழாய் ஸ்டென்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும்போது நாம் வைக்கும் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து தாங்கிப் பிடிக்கும் சிறு குழல், நோயைக் குணப்படுத்தாது. மிச்சமிருக்கும் காலத்தில் நோயாளி மூச்சு முட்டாமல் பேச, சாப்பிட, படுத்துத் தூங்க உதவும். அதுவே பெரிய காரியம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். ரத்தம் உறையும் தன்மையைச் சோதிப்பது, சரியான அளவு எடுப்பது எல்லாம் இங்கே சொல்லவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

அடைப்புக்கு அப்பால் பார்க்காதது

திறந்துவிட்ட காற்று போய்ச் சேர, கீழே உயிருள்ள நுரையீரல் வேண்டும். கிளைக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா, அந்தப் பக்கத்து நுரையீரல் தமனியைக் கட்டி அடைத்துவிட்டதா என்று சி.டி.யில் பாருங்கள். ரத்தம் ஓடாத நுரையீரலுக்குக் காற்றை அனுப்பி நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

எடுத்த எடுப்பில் ஸ்டென்ட்

குழாய்க்குள்ளேயே வளர்ந்த கட்டியை முதலில் லேசராலோ, மின்சாரச் சூட்டால் பொசுக்கும் காட்டரியாலோ அகற்றுங்கள். பல நேரம் அதுவே போதும். வெளியிலிருந்து அழுத்தும் கட்டிக்குத்தான் ஸ்டென்ட் தவிர வழியில்லை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும், நுரையீரலில் வரும் ஸ்மால் செல் புற்றுநோயும் கீமோவுக்கு வேகமாகச் சுருங்கும். பிடிமானம் போய் ஸ்டென்ட் நகரும். வைத்தே ஆகவேண்டுமென்றால், பிறகு எடுக்க வசதியான சிலிக்கான் ஸ்டென்டை வையுங்கள்.

உறையில்லாத உலோக வலை ஸ்டென்ட்

கண்ணிகளுக்குள் கட்டி புகுந்து வளரும்.

லேசர் ஓடும்போது ஆக்சிஜன்

40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தீப்பிடிக்கும்.

வைத்த கையோடு வீட்டுக்கு அனுப்புவது

சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஸ்டென்ட் மூடிய இடத்தில் வேலை செய்யாது. சளி அங்கேயே தேங்கி, காய்ந்து, பிசினாகிவிடும். சாதாரண சலைனை நெபுலைசரில் தினமும் இரண்டு மூன்று முறை இழுத்து, நன்றாக இருமித் துப்ப வேண்டும். இவ்வளவுதான். இதைத்தான் டிஸ்சார்ஜ் தாளில் எழுதாமல் விடுகிறார்கள்.

வேறொரு ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒரு பெரியவரை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். இடது பிரதான மூச்சுக்கிளையில் உறை போட்ட உலோக ஸ்டென்ட். நோய் முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று உள்ளூரில் சொல்லிவிட்டார்களாம். சொந்தபந்தங்களுக்கெல்லாம் தகவல் போய்விட்டது. மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பை இறக்கினால், ஸ்டென்டின் வாய்வரை மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிச் சளி. புதிதாகக் கட்டி ஏதும் இல்லை. சலைன் விட்டு ஊறவைத்து, கடுங்குளிரூட்டும் கிரையோ முனையில் உறைய வைத்து இழுத்தபோது, குழாயின் அச்சு அப்படியே பதிந்த துண்டாக வந்தது. விடிவதற்குள் தலையணையைத் தாழ்த்திப் படுத்துத் தூங்கினார். நெபுலைசர் வைக்கிறீர்களா என்று மகளிடம் கேட்டேன். “அப்படி ஒண்ணு வைக்கணும்னு யாருமே சொல்லலையே டாக்டர்.”

எனக்கு இன்னும் ஆறவில்லை. கடினமான வேலையைக் கச்சிதமாக முடித்தவர்கள் இரண்டு வரி எழுதாததால், ஒரு குடும்பம் அப்பாவை இழந்துவிட்டதாகவே நினைத்து அழுதிருக்கிறது.

ஸ்டென்ட் உள்ளவருக்குத் திடீரென மூச்சு முட்டினால், முதலில் சளி அடைப்பையும் ஸ்டென்ட் நகர்ந்ததையும் சந்தேகியுங்கள். உள்ளே பார்க்காமல் நோய் முற்றியது என்று சொல்லாதீர்கள். 4 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி பிராங்கோஸ்கோபிக்கு நாள் குறித்தே அனுப்புங்கள். ஸ்டென்டின் வகை, நீளம், அகலம், வைத்த இடம் எழுதிய அட்டை எப்போதும் நோயாளியிடம் இருக்கட்டும். நெபுலைசர் விவரத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அவசரத்தில் கண்மூடித்தனமாகச் செயற்கைச் சுவாச டியூப் போடுவது

ஸ்டென்ட் பிரதான மூச்சுக்குழலில் இருந்தால், பார்க்காமல் செலுத்தும் டியூப் அதைக் கீழே தள்ளிவிடும். சிறிய அளவு டியூப்பை எடுத்து, பிராங்கோஸ்கோப்பில் பார்த்தபடியே இறக்குங்கள்.