கதவு எண் பலகை: கலர் பென்சிலில் தொடங்கி மொசைக்கில் முடிக்க

பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமக்கும் சென்னை வாசல்களுக்குக் கையால் செய்த எண் பலகை நல்ல முதல் வேலை. கலர் பென்சில், பெயின்ட், டைல் ஓட்டுத் துண்டுகளைப் பதித்து உருவம் ஆக்கும் மொசைக் மூன்றையும் இதிலேயே பழகிவிடலாம். 30 × 20 செ.மீ. போதும். எடுத்த எடுப்பில் மேஜை, சுவர் என்று இறங்குகிற வேலை பெரும்பாலும் பாதியில் பரணேறும்.

முதலில் காகிதம். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) தாளில் பலகையின் அதே அளவில் எண்களை வரையவும். உயரம் 10 செ.மீ., கோட்டின் தடிமன் 2 செ.மீ. அதற்கும் மெல்லிதானால் ஓட்டுத் துண்டுகள் இரண்டு வரிசை உட்காராது. கலர் பென்சிலை அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டி, மூன்று நான்கு பூச்சாக ஏற்றவும். முதலிலேயே அழுத்தினால் பென்சிலின் மெழுகு தாளின் சொரசொரப்பை அடைத்துவிடும். அடுத்த நிறம் ஒட்டாமல் வழுக்கும்.

தீட்டியதைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பொழுது சாய்ந்ததும் தெருவிலிருந்து எண்ணைப் படிக்க முடியாது. இரண்டில் ஒன்றை வெளிறலாக்கவும்.

வேறு நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்க அக்ரிலிக் பெயின்ட் வசதி. ஆனால் மே மாதத்தில், தலைக்கு மேல் ஃபேன் சுற்றும்போது, தட்டில் பிதுக்கிய அக்ரிலிக் சில நிமிடங்களில் ஆடை கட்டும். டிபன் பாக்ஸுக்குள் ஈரமான டிஷ்யூவை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து நிறங்களை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் இளகலாக இருக்கும். பிரஷ் காயவே கூடாது. காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு வராது. வாட்டர் கலரில் தொல்லை நேரெதிர்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு மூடிய கட்டிகளில் பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்கத் திறந்து போடவும்.

இனி டைல். மொட்டை மாடியில் சூடு இறங்காமலிருக்க உடைந்த வெள்ளை ஓடு பதிக்கும் கொத்தனாருக்கு இது பழகிய வேலை. டைல் கடைகளில் வண்டியில் வரும்போதே உடைந்தவற்றை ஓரமாகப் போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். வேண்டியது பாத்ரூம் சுவருக்கு ஒட்டுகிற செராமிக். தரைக்குப் போடும் விட்ரிஃபைட் வேண்டாம், அது கண்டபடி சிதறும். சந்தேகமிருந்தால் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செராமிக் உறிஞ்சிக்கொள்ளும், விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே நிற்கும்.

டைலைக் கோணிக்குள் வைத்து நடுவில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பெரிய துண்டுகளாகும். அவற்றைச் சக்கர நிப்பரில் (இரண்டு சிறு சக்கரங்கள் உள்ள வெட்டுக் குறடு) 1 முதல் 2 செ.மீ. துண்டுகளாக வெட்டவும். சக்கரத்தை வெட்டவேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரே அழுத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலை கூடாது. வீட்டில் எல்லோரும் வெறுங்காலில் நடப்பார்கள். கீழே பழைய பெட்ஷீட் விரித்து வெட்டி, முடிந்ததும் அதைச் சுருட்டி வெளியே உதறுங்கள்.

பலகை போர்ட்டிகோ நிழலில் மாட்டுவதற்கென்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட். மழை நேரே அடிக்கும் கேட்டுக்கு ஃபைபர் சிமெண்ட் போர்டு. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவுதான், ஆனால் ஈரத்தில் ஊதி ஓடுகளைத் தள்ளிவிடும். பிளைவுட்டின் விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்து, முன்பக்கத்தைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறவும். சுவரில் மாட்டும் திருகுகளுக்கு இப்போதே இரண்டு துளை போட்டு, அந்த இடத்தை ஓடு வைக்காமல் விடவும்.

கார்பன் தாளில் எண்ணைப் பலகைக்கு மாற்றி, முதலில் எண்களைப் பதியுங்கள். பிறகு அவற்றை ஒட்டியே பின்னணி நிறத்தில் ஒரு வரிசை சுற்றி வரட்டும். மீதி இடத்தை நிரப்புவது கடைசியில். அந்த ஒற்றை வரிசைதான் எண்ணை எடுப்பாகக் காட்டும். அதை விட்டால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் மங்கும்.

பாலிமர் கலந்த டைல் பசை சுமார் 300 கிராம் ஆகும். ஒரு தடவைக்கு உள்ளங்கை அகலம் மட்டும் தடவுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கும்போது ஒட்டாவிட்டால் மேலே ஆடை படிந்துவிட்டது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தடவவும். துண்டுகளுக்கிடையே 2, 3 மி.மீ. விடுங்கள். அங்கே பிதுங்கும் பசையைப் பல்குச்சியால் அப்போதே எடுத்துவிட வேண்டும். காய ஒரு நாள். அடைமழைக் காலத்தில் இரண்டு நாள்.

பெரும்பாலான பலகைகள் கெடுவது கிரவுட்டில், அதாவது ஓடுகளின் இடுக்கை அடைக்கும் கலவையில்தான். 150 கிராம் பவுடருக்கு 40 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைக்கவும். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கிளறவும், அப்போது தண்ணீர் சேர்க்காதீர்கள். தண்ணீர் கூடினால் அது ஆவியாகிப் போன இடத்தில் ஊசித்துளையும் விரிசலும் விழும், நிறமும் திட்டுத் திட்டாகும். வெறும் வெள்ளை சிமெண்ட் இன்னும் மோசம், சுருங்கி வெடிக்கும்.

கையுறை போட்டு, ரப்பர் துண்டால் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்க்கவும். 15, 20 நிமிடத்தில் விரல் தடம் பதியாத பதம் வரும். அப்போது நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கவும். முந்தினால் இடுக்கிலிருந்து கிரவுட் கிளம்பிவிடும், பிந்தினால் சுரண்டத்தான் வேண்டும். கோடையில் ஃபேனை நிறுத்திவிட்டுக் காலையிலேயே செய்து, ஈரத்துணியால் ஒரு நாள் மூடி வையுங்கள். கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிடும்.

மறுநாள் ஓட்டின் மேல் வெண்படலம் தெரியும், உலர்ந்த பருத்தித் துணியால் தேய்த்தால் போய்விடும். பலகை இரண்டு கிலோ வரை இருக்கும். ஒட்டுக் கொக்கி தாங்காது; சுவரில் துளையிட்டு பிளக் வைத்து இரண்டு திருகால் முடுக்கி, விட்ட இடத்தில் மிச்சத் துண்டுகளை ஒட்டி மூடவும்.