லோ கார்ப்ல கொழுப்ப எப்படி கணக்கு பண்றது?

லோ கார்ப், அதாவது மாவுச்சத்த (கார்ப்) குறைச்சு சாப்பிடற டயட், ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் ரெண்டு தப்புல ஒண்ணு பண்ணுவாங்க. மாவுச்சத்தையும் குறைச்சு, பயத்துல கொழுப்பையும் குறைச்சு நாலு நாள்ல சோர்ந்து போய் உக்காந்துடுவாங்க, இல்லேன்னா கொழுப்பு எவ்வளவு வேணா சாப்பிடலாமாமேன்னு எல்லாத்து மேலயும் வெண்ணெய போட்டுட்டு எடை குறையலன்னு புலம்புவாங்க. நான் ரெண்டாவது கேஸ், காபில வெண்ணெய் கலந்து குடிச்ச ஆளு.

மொதல்ல கார்ப ஃபிக்ஸ் பண்ணுங்க, ஒரு நாளைக்கு 50 கிராம்னு வச்சுப்போம். அடுத்து புரோட்டீன், எடைல கிலோவுக்கு 1.2ல இருந்து 1.6 கிராம், 70 கிலோ ஆளுன்னா சுமாரா 100 கிராம். ரெண்டுக்கும் கிராமுக்கு 4 கலோரி, ஆக 600 ஆச்சு. ஒரு நாள் டார்கெட் 1600 கலோரின்னா மிச்சம் 1000, கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரிங்கறதால அது கிட்டத்தட்ட 110 கிராம். எடை குறைக்கணும்னா இத மேல்வரம்பா வச்சுக்கங்க, பசி அடங்கிடுச்சுன்னா கணக்க நிரப்பணும்னு திணிக்காதீங்க, கொஞ்சம் குறைஞ்சா உடம்பு தன்கிட்ட இருக்கற கொழுப்புல இருந்து எடுத்துக்கும், அதுக்குத்தானே இவ்வளவு பாடு.

இடிக்கறது எங்கன்னா கண்ணுக்கு தெரியாத கொழுப்பு. மூணு முட்டை ஆம்லெட்ல முட்டையோட கொழுப்பு 15 கிராம், அத சுட ஊத்துற ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 14 கிராம்! பாட்டில சாய்ச்சு ஊத்துனா ரெண்டு ஸ்பூன் போறதே தெரியாது, அதனால ஒரு வாரம் மட்டுமாவது ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க. பாதாமும் அப்படித்தான், 30 கிராம்ல 15 கிராம் கொழுப்பு, டிவி பாத்துக்கிட்டே சாப்பிட்டா 30ல எங்க நிக்கும்.

எந்த கொழுப்புங்கறதும் முக்கியம். ஆலிவ் எண்ணெய், நட்ஸ், அவகாடோ, மத்தி மாதிரி மீன் இதெல்லாம் பெரும்பங்கா இருக்கட்டும், வெண்ணெய் சீஸ் க்ரீம் ருசிக்கு. சில பேருக்கு இந்த டயட்ல எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், நல்லாவே ஏறும், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு லிப்பிட் டெஸ்ட் (ரத்தத்துல கொலஸ்ட்ரால் பாக்கறது), மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு.

திடீர்னு ஏத்தாதீங்க, வயித்தால போகும். பித்தப்பைல கல்லு இருக்கறவங்க, சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர கேட்காம இதுல இறங்கவே வேணாம், கார்ப் குறையும்போது மருந்தோட அளவையும் மாத்த வேண்டி வரும்.