லேப்டாப்பின் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டைக் கணக்கீட்டு வேலைக்கு மட்டும் விடுவது

குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல்காரர்களிடம் பதிவு செய்த பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருளை ஓட்டுகிறேன். என் லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸோடு 4 ஜிபி நினைவகம் உள்ள என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் இருக்கிறது. விஸ்பரின் ஸ்மால் மாடலுக்கே சுமார் 2 ஜிபி வேண்டும். மீடியம் 5 ஜிபி கேட்கும், அந்த ஆசையை விட்டுவிடலாம். இருக்கிற கொஞ்ச இடத்தில் திரைக்கும் பங்கு கொடுப்பானேன்? திரையை இன்டெல் பார்க்கட்டும், என்விடியா கணக்கை மட்டும் போடட்டும். உபுண்டுவில் அதற்கான வழி இது.

முதலில் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளை, உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது என்று காட்டும். என்விடியா வரி ‘3டி கன்ட்ரோலர்’ என்று ஆரம்பித்தால் நல்லது, அந்தக் கார்டில் திரை இணைப்பு இல்லை. ‘விஜிஏ’ என்று இருந்தால் எச்டிஎம்ஐ துளை அதனோடு சேர்ந்திருக்கலாம். வெளி மானிட்டரை அதில் மாட்டினால் கார்டின் நினைவகத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும்.

என்விடியா கார்டில் கணக்குப் போட வைப்பது கூடா. உபுண்டுவோடு வரும் நொவோ டிரைவரில் அது ஓடாது. கூடுதல் டிரைவர்கள் பகுதிக்குப் போய் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடுங்கள். எம்எக்ஸ்150, 940எம்எக்ஸ் போன்ற பழைய கார்டு என்றால் 580 வரிசைக்கு மேல் போக வேண்டாம், அவற்றுக்கு அதுதான் கடைசி. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏற்றாத பாதுகாப்பு) இருந்தால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை வரும். அதில் ‘என்ரோல் மோக்’ எடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பயந்துபோய் ‘கன்டினியூ பூட்’ அழுத்தினால் டிரைவர் ஏறாது.

அடுத்தது பிரைம்-செலக்ட், எந்தக் கார்டு எதைப் பார்க்கும் என்று தீர்மானிக்கும் கட்டளை. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘இன்டெல்’ என்று வைத்தால் திரை மட்டுமல்ல, என்விடியாவே அணைந்துவிடும், கூடாவும் இல்லை. ‘என்விடியா’ என்று வைத்தால் திரையும் அதன் தலையில் ஏறும். நமக்கு வேண்டியது ‘ஆன்-டிமாண்ட்’. சூடோ சேர்த்துக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் என்விடியா-எஸ்எம்ஐ, கார்டின் நினைவகத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை. பட்டியலில் எக்ஸ்ஆர்க் (திரையைக் கவனிக்கும் நிரல்) சில எம்பியோடு நின்றால் பரவாயில்லை. பிரவுசர் நின்றால்தான் கவனிக்க வேண்டும். மேலே தெரியும் கூடா எண் அந்த டிரைவர் தாங்கும் உச்சம்தான், கூடா டூல்கிட் நிறுவியிருப்பதற்கு அடையாளம் அல்ல. டூல்கிட்டைத் தனியாகப் போடவும் தேவையில்லை. பைத்தானில் தனி என்விரான்மென்ட் உருவாக்கி, பிப் வழியாக விஸ்பரை நிறுவினால் அது இயங்கத் தேவையான பைடார்ச்சும் அதற்கு வேண்டிய கூடா கோப்புகளும் கூடவே வந்துவிடும்.

ஓட்டும்போது மொழி தமிழ் என்று நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் 30 நொடியை வைத்து அதுவே ஊகிக்கும். நம்ம ஊர்ப் பேச்சை மலையாளம் என்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை! தமிழ் என்று சொன்ன பிறகும் கச்சான், கொண்டல் போன்ற காற்றுப் பெயர்களைக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு கூடா கிடைக்கவில்லை என்று சொன்னால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரைவரின் என்விடியா-யுவிஎம் மாட்யூலை ஆர்எம்மாட் கொடுத்துக் கழற்றி, மாட்ப்ரோப் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

தென்மேற்குப் பருவமழையில் தக்கலைப் பக்கம் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரிக்கு மாறினால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜும் சட்டென்று இறங்கும். அதனால் ஒலிக்கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். நடுவில் நின்றாலும் ஒரு துண்டை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும்.