என்எம்ஆருக்கு முன் வாய்பாட்டை எண்ணுங்கள்

வேலூர், காட்பாடி பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, நிறமாலைக் கணக்கைப் பார்த்ததும் நேரே என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) படத்துக்குத் தாவாதீர்கள். முதலில் மூலக்கூறு வாய்பாட்டை எடுங்கள். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டி, ஹைட்ரஜனைக் கழித்துப் பாதியாக்குங்கள். ஆக்சிஜனை விட்டுவிடலாம், நைட்ரஜன் இருந்தால் பாதியாக்கும் முன் கூட்டுங்கள். வரும் விடைதான் மூலக்கூறில் உள்ள வளையங்கள், இரட்டைப் பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை (முப்பிணைப்பு இரண்டாகக் கணக்கு).

கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 1 என்றால் விடை 5. பென்சீன் வளையத்துக்கு 4 போனால் மிச்சம் 1. அகச்சிவப்பு நிறமாலையில் 1685 செ.மீ⁻¹ பக்கம் பலமான பட்டை இருக்கிறதா? சரி, வளையத்தை ஒட்டிய கார்போனைல் (C=O). அப்புறம் என்எம்ஆர்: 2.6 ppm-இல் மூன்று ஹைட்ரஜனுக்கு ஒற்றைக் கோடு, 7.4 முதல் 8 வரை ஐந்து ஹைட்ரஜன். அசிட்டோபீனோன்தான்.

10 ppm-ஐ ஒட்டி ஒரு கோடு (ஆல்டிஹைடு ஹைட்ரஜன்) தெரிந்தால் மட்டும் நிதானியுங்கள். மெத்தில்பென்சால்டிஹைடுக்கும் இதே வாய்பாடுதான். தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த ஜோடி.