பழைய ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி: பார்த்து வாங்குவதும் பேணி ஓட்டுவதும்

1994ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1995 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் விற்பனையில் இருந்த ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி என்ற இத்தாலிய இருகதவுக் கார், ஆர்வலர்கள் நடுவே 916 என்ற தொழிற்சாலைக் குறியெண்ணால் அறியப்படுவது. பினின்ஃபரினா நிறுவனத்தில் என்ரிக்கோ ஃபூமியா வரைந்த அதன் வடிவம், பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக உயர்ந்து செல்லும் அந்த ஒற்றைக் கோட்டோடு, இன்றும் சாலையில் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அழகுக்காக இதை வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் வாங்குபவர் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்: மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரை வைத்து வண்டியை எடைபோடும் பழக்கம். இந்த வயதில் இந்தக் காரைக் கெடுப்பது ஓட்டமன்று, நின்றுகிடந்த காலமும் தள்ளிப்போட்ட பராமரிப்பும்தான். ஆண்டுதோறும் கவனிக்கப்பட்டு 2,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, கொட்டகையில் மூடிவைக்கப்பட்டு 60,000 மட்டுமே ஓடிய வண்டியைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு.

முதலில் எஞ்சினைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 2.0 லிட்டர் ட்வின் ஸ்பார்க் 150 குதிரைத்திறன் தருவது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் என மொத்தம் எட்டு. ஆறு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த 3.0 லிட்டர் 24 வால்வு V6, 220 குதிரைத்திறன் உள்ளது. 2003இல் வந்த 3.2 லிட்டர் 240. இவற்றுக்கு இடையே, இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு இத்தாலியில் இருந்த கூடுதல் வரியைத் தவிர்ப்பதற்காகவே உருவான 2.0 லிட்டர் V6 டர்போவும் உண்டு. அது 200 குதிரைத்திறன் கொண்ட வேகமான வண்டிதான் என்றாலும், டர்போவும் அதன் குழாய்களும் நெருக்கமான எஞ்சின் அறைக்குள் சேர்க்கும் வெப்பத்தையும் வேலையையும் எண்ணிப்பார்த்தால், முதன்முறையாக இந்த வகைக் காரை வாங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

V6 எஞ்சினை வடிவமைத்தவர் ஜூசெப்பே புஸ்ஸோ. 1979இல் ஆல்ஃபா 6 என்ற பெரிய செடானில் தொடங்கிய அந்த எஞ்சினின் உற்பத்தி 2005ஆம் ஆண்டின் இறுதியில் அரேசே ஆலையில் நின்றது. சில நாட்களுக்குள், 2006 ஜனவரியில், அவரும் மறைந்தார். பானெட்டைத் திறந்ததும் தெரியும் பளபளக்கும் உள்ளிழுப்புக் குழாய்களும், 4,000 சுற்றுகளைத் தாண்டியதும் எழும் அதன் குரலும் இந்தக் காரை வாங்குவதற்குப் போதுமான காரணம் என்பது என் உறுதியான கருத்து. இருந்தும் ட்வின் ஸ்பார்க்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முன்சக்கரங்களின் மேல் எடை குறைவதால் வளைவுகளில் அது இன்னும் இலகுவாகத் திரும்புகிறது. பராமரிப்புச் செலவும் குறைவு.

எந்த எஞ்சினாக இருந்தாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: வால்வுகளின் அசைவைப் பிஸ்டன்களோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, அதற்கான ரசீது எங்கே? இந்த எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பிறகு செய்ய வேண்டிய பழுதின் செலவு பல சமயம் காரின் விலையையே மிஞ்சும். தயாரிப்பாளர் தொடக்கத்தில் குறிப்பிட்ட 1,20,000 கிலோமீட்டர் இடைவெளியை நம்ப வேண்டாம். இந்தக் கார்களில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் 60,000 கிலோமீட்டர் அல்லது நான்கைந்து ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு என்பார்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கே முந்தும். ரசீதில் பெல்ட் மட்டும் இருந்தால் போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உருளைகள், வாட்டர் பம்ப் ஆகியவையும் உடன் மாற்றப்பட்டிருக்க வேண்டும். ட்வின் ஸ்பார்க்கில், எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கான சிறிய பெல்ட்டும் சேரும், ஏனெனில் அது அறுந்தால் அதன் துண்டுகள் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் அழித்துவிடக்கூடும். V6இல் வாட்டர் பம்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான். பழைய பம்புகளில் இருந்த பிளாஸ்டிக் விசிறி காலப்போக்கில் விரிசல் கண்டதால், உலோக விசிறி உள்ள பம்பைக் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது. இந்த வேலையின்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான கேம்ஷாஃப்டுகளை நகராமல் பூட்டிப் பிடிக்கும் தனிக்கருவிகள் தேவை. அவை இல்லாமல், பழைய இடத்தில் அடையாளக்கோடு போட்டுவிட்டு மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையை விட்டு விலகிவிடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். ட்வின் ஸ்பார்க்கில் குளிர் தொடக்கத்தின்போது டீசல் வண்டிபோல் கடகடவென்று ஓசை கேட்டுச் சில நொடிகளில் அடங்கினால், கேம் நேரத்தை மாற்றும் வேரியேட்டர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அது அச்சப்படத்தக்க குறையன்று; அடுத்த டைமிங் பெல்ட் வேலையோடு சேர்த்து மாற்றிவிடலாம், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் சூடான பிறகு, வேகத்தைக் கூட்டும்போது அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். ட்வின் ஸ்பார்க் எஞ்சின்கள் ஆயிலைக் குடிக்கும் இயல்புடையவை. அளவைச் சரிபார்க்காத உரிமையாளரிடம் இருந்தால், ஆயில் குறைந்து பேரிங்குகள் தேய்ந்துவிடும். ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது எஞ்சினைப் பற்றி மட்டுமன்றி உரிமையாளரைப் பற்றியும் நிறையச் சொல்லும்.

ஓட்டிப் பார்க்கையில் வெப்பமானியை மறக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் முள் கீழே இறங்கிக்கொண்டே போனால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. இது இந்தக் கார்களில் மிகச் சாதாரணமான, எளிதில் தீரும் குறை. இதற்கு நேர்மாறானதே கவலைக்குரியது. ஓட்டி முடித்தபின் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி தானாக இயங்கும்வரை காத்திருங்கள். குறைந்த வேகத்தில் விசிறியை ஓட்டும் மின்தடை எரிந்துபோவது வழக்கம். அப்போது எஞ்சின் மிகச் சூடான பிறகே விசிறி முழுவேகத்தில் பாயும்.

அடிப்பகுதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. உடலின் தகடுகள் துத்தநாகப் பூச்சு பெற்றவை என்பதால் மேலே துரு அரிதாகவே தெரியும். அந்தப் பளபளப்பே வாங்குபவரை ஏமாற்றுகிறது. காரை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழுள்ள பக்கவிளிம்புகள், தரைத்தகட்டின் முன்பகுதி ஆகியவற்றை விரலால் அழுத்தியும் சிறு சுத்தியலால் தட்டியும் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவர் படங்களோடு காட்டட்டும். V6இல் ஆயில் கூலருக்குச் செல்லும் குழாய்களின் இணைப்புகள் அரித்துக் கசிவதுண்டு. பின்பக்கத்தில் பல இணைப்புக் கைகள் கொண்ட சஸ்பென்ஷன் இருக்கிறது. வளைவுகளில் இந்தக் கார் இவ்வளவு உறுதியாக நிற்பதற்கு அதுவே காரணம். அதன் ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டால் பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுவழுப்பாகிவிடும். டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். முன்பக்கக் கீழ்க்கைகளின் புஷ்கள் தேய்ந்திருந்தால் வேகத்தடைகளில் தட்டல் கேட்கும். ஸ்டீயரிங் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை 2.2 சுற்றுதான், அத்தனை கூர்மையான ஸ்டீயரிங்கில் சஸ்பென்ஷனின் சிறு தளர்ச்சியும் கையில் தெரிந்துவிடும்.

V6 வாங்குபவர்கள் கியர்பாக்ஸையும் கவனமாகக் கேட்க வேண்டும். அத்தனை முறுக்குவிசையும் முன்சக்கரங்கள் வழியாகவே செல்வதால், ஈரச்சாலையில் சக்கரங்களைச் சுழலவிட்டு ஓட்டப்பட்ட வண்டிகளில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் தேய்ந்து, மோசமான நிலையில் உடைந்து கியர்பாக்ஸ் உறையையே துளைத்துவிடலாம். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸைக் கழற்ற நேரும்போது, சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைப் பொருத்திக்கொள்வது இந்தக் காருக்குச் செய்யக்கூடிய மிகச்சிறந்த மாற்றம். பாதுகாப்பும் கூடும், வளைவிலிருந்து வெளியேறும் விதமே மாறிவிடும்.

எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் உதிரிகள் இன்றும் பெருமளவு கிடைக்கின்றன, ஏனெனில் அவற்றில் பல அக்காலத்து ஃபியட், ஆல்ஃபா கார்களோடு பொதுவானவை. கிடைக்காதவை உடலின் பாகங்கள். சிறு முகப்புவிளக்குகள் எட்டிப்பார்க்கும் துளைகளோடு கூடிய பானெட் உலோகமன்று, கலவைப் பொருளால் ஆனது. விரிசல் விட்டால் தட்டி நிமிர்த்த முடியாது. பின்புறத்தில் முழுநீளத்துக்கு ஓடும் விளக்கு, சட்டமில்லாத கதவுக் கண்ணாடிகளின் ரப்பர் பட்டைகள், 2003க்குப் பிந்தைய பெரிய முன்கிரில் உள்ள வண்டிகளின் பம்பர் ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே இரண்டு கார்களில் ஒன்று எஞ்சின் வேலை கேட்டும் மற்றொன்று உடல் வேலை கேட்டும் நின்றால், முதலாவதையே எடுங்கள்.

சாவிகளையும் கேட்க வேண்டும். எஞ்சின் பூட்டு மின்னணுவால் ஆனது. தொடக்ககால வண்டிகளில் சிவப்புநிறத் தலைமைச்சாவியும், குறியெண் அச்சிட்ட அட்டையும் தரப்பட்டன. அவை இல்லையென்றால் புதிய சாவியைப் பதிவுசெய்வது பெரும்பாடு.

வாங்கியபின், விற்பவர் எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும், ரசீது இல்லாத எதையும் செய்யப்படாததாகவே கருதி, காரின் விலையில் கால் பங்கையாவது முதலாண்டு வேலைக்கென்று தனியே வைத்திருங்கள். டைமிங் பெல்ட் தொகுப்பு, எல்லாத் திரவங்கள், கூலன்ட் குழாய்கள், நான்கு டயர்கள் என்ற வரிசையில் செலவழியுங்கள். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. ஒலி அமைப்பும் சக்கர அழகும் அதன்பிறகு.

ஓட்டுவதில் பின்பற்ற வேண்டியவை மிகச் சில. ஆயில் முழுதாகச் சூடாகும்வரை எஞ்சினை 3,000 சுற்றுகளுக்கு மேல் ஏற்றாதீர்கள். நீரின் வெப்பமானி நடுவில் வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடங்கள் ஆகும். ட்வின் ஸ்பார்க்கில் ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் ஆயில் அளவைப் பாருங்கள். ஓட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தையும் மாற்றுங்கள். மாதத்தில் இருமுறையாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறும் தொலைவுக்கு, வெளியே எடுத்துச் செல்லுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது ஆயிலில் ஈரத்தைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

நீண்டகாலம் நிறுத்த வேண்டியிருந்தால், முன்னதாக ஆயிலை மாற்றி, டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி, பேட்டரியை மின்னூட்டப் பராமரிப்புக் கருவியோடு இணைத்துவிடுங்கள். துணியுறை காற்றோட்டமுள்ளதாக இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.