மாட்டினால் போதுமா? கிராப், ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

என் முதல் கேமரா கிராப் சென்சார் வகை, அதாவது படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது. அதற்கு, கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு 24-70 மி.மீ. ஜூம் வாங்கினேன். பெரிய சென்சாருக்கான ஃபுல் ஃப்ரேம் லென்ஸ். நாளைக்குப் பெரிய சென்சார் உள்ள பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கும்போது உதவுமே என்ற கணக்கு. மூன்றாவது வாரமே ஒரு வளைகாப்பு வந்தது. வீட்டுக் கூடத்தில் மணை போட்டிருந்தார்கள். முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போயும், மணையில் இருந்த பெண்ணும் சுற்றி நின்ற ஐந்தாறு பேரும்தான் படத்துக்குள் வந்தார்கள். சீர்த்தட்டோடு ஓரத்தில் நின்ற அத்தைமார் யாரும் வரவில்லை. பேசாமல் பையில் கிடந்த, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை எடுத்து மாட்டினேன்.

என்ன நடந்தது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். லென்ஸின் மி.மீ. எண் சிறியதாக ஆக, காட்சி அகலமாகும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. கிராப் சென்சார் நிக்கானிலும் சோனியிலும் ஏறத்தாழ 23.5×15.6, கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது, 22.3×14.9. லென்ஸ் உள்ளே வட்டமாகத்தான் ஒளியைப் பாய்ச்சுகிறது. சின்ன சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பத்தடி தூரத்தில் நின்று 24 மி.மீ.-இல் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் 15 அடி அகலம் படத்துக்குள் வரும். கிராப்பில் பத்தடிக்கும் கொஞ்சம் குறைவு. கிட் லென்ஸின் 18 மி.மீ. 13 அடியைக் காட்டும். அத்தைமார் நின்றது அந்த மூன்றடிக்குள்.

‘நாளைக்கு உதவும்’ என்று வாங்குவதைத்தான் முதல் தவறு என்பேன். கையில் இருப்பது கிராப் பாடி என்றால், தினமும் மாட்டி வைக்கும் ஜூம் 16 அல்லது 18-இல் தொடங்கட்டும். எடையைப் பாருங்கள்: சிக்மாவின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கிராப் பாடிகளுக்கான 18-50 எஃப்2.8 (எஃப் எண் ஒளித்திறப்பின் அளவு) சுமார் 290 கிராம். அவர்களே ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்குச் செய்யும் 24-70 எஃப்2.8-இன் முதல் பதிப்பு சுமார் 830 கிராம். முகூர்த்தம் முடிந்து பந்தி வரை கழுத்தில் தொங்கப்போவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் கதையில் இன்னொரு கூத்தும் உண்டு. நான்கு வருடம் கழித்து ஃபுல் ஃப்ரேம் வாங்கினேன்தான், ஆனால் அது மிரர்லெஸ், லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட்டே வேறு. பொத்திப் பொத்தி வைத்திருந்த 24-70-க்கு அடாப்டர் தேட வேண்டியதாயிற்று. 50, 85 போன்ற, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்களும் தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ்களும் வேறு விஷயம். அவற்றை ஃபுல் ஃப்ரேமிலேயே தாராளமாக வாங்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, புது ஃபுல் ஃப்ரேம் பாடியில் பழைய கிராப் லென்ஸையே மாட்டி ஓட்டுவது. நிக்கான், சோனி பாடிகள் லென்ஸை அடையாளம் கண்டு, கேட்காமலே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் முறைக்கு மாறிவிடும். படம் நன்றாகத்தான் தெரியும், அதனால் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் 24 மெகாபிக்சல் நிக்கான் டி750 அப்போது தருவது 10 மெகாபிக்சல்தான். கேனான் ஆர்6-இன் 20 மெகாபிக்சல் எட்டுக்கும் கீழே போய்விடும். 12×18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 5400×3600 பிக்சல் தேவை, டி750-இன் கிராப் முறையில் கிடைப்பதோ 3936×2624. அச்சு பல்லிளிக்காது. ஆனால் லேப்காரர் ஓரத்தை வெட்டி ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். நிக்கானின் 45 மெகாபிக்சல் பாடி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கிராப்பிலும் 19 கிடைக்கும்.

கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர்களில், அதாவது உள்ளே கண்ணாடி உள்ள கேமராக்களில், கதை வேறு. கேனானின் கிராப் லென்ஸ் வரிசையான ஈஎஃப்-எஸ் லென்ஸின் பின்பகுதி உள்ளே நீண்டிருக்கும், ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருந்தால் கிராப்புக்கு மட்டும், சிவப்புப் புள்ளி இருந்தால் இரண்டுக்கும். அழுத்தித் திருகிப் பார்க்காதீர்கள், உள்ளே கண்ணாடி அடிபடும். சிக்மா, டாம்ரான் செய்த கிராப் லென்ஸ்களில் இந்தத் தடுப்பு கிடையாது. ஃபுல் ஃப்ரேம் கேனான் டிஎஸ்எல்ஆரிலும் சமர்த்தாக மாட்டிக்கொள்ளும், ஆனால் அவற்றின் ஒளிவட்டம் சிறியது என்பதால் படத்தின் நான்கு மூலையும் கறுத்து நிற்கும்.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன் லென்ஸ் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். சிக்மாவில் டிசி என்றால் கிராப், டிஜி என்றால் ஃபுல் ஃப்ரேம். டாம்ரானில் டிஐ-2 கிராப், டிஐ ஃபுல் ஃப்ரேம். மிரர்லெஸ்ஸுக்கான டிஐ-3 பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேம், அதன் பின்னால் ஏ சேர்ந்திருந்தால் கிராப். நிக்கானில் டிஎக்ஸ் என்று இருந்தால் கிராப். சோனியில் எஃப்ஈ ஃபுல் ஃப்ரேம், வெறும் ஈ கிராப்.

மாட்டினாலும் வேலை செய்யாத லென்ஸும் உண்டு. நிக்கானின் பழைய 50 எஃப்1.8டி செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் அதில் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருக வேண்டும். டி7200, டி7500-இல் மோட்டார் உண்டு.

அப்புறம் இந்த எம்எம் குழப்பம். ‘கிராப் லென்ஸில் போட்டிருக்கும் 35 ஏற்கெனவே பெருக்கிப் போட்டது’ என்று கடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. ஒரே கிராப் பாடியில் டிஎக்ஸ் 35-ஐயும் ஃபுல் ஃப்ரேம் 35-ஐயும் மாற்றி மாற்றி மாட்டுங்கள், ஒரே காட்சிதான் தெரியும். ஒன்றரையால் பெருக்குவது (கிராப்பில் 35 காட்டும் அகலத்தை ஃபுல் ஃப்ரேமில் சுமார் 52 காட்டும்) ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட மட்டுமே, அதுவும் இரண்டு லென்ஸுக்கும் பொது. அதேபோல் 300 மி.மீ. கிராப்பில் 450 ஆகிவிடுவதும் இல்லை. வேடந்தாங்கல் நாரை சென்சார் மேல் அதே அளவில்தான் விழுகிறது, சுற்றியிருக்கும் மரம்தான் வெட்டுப்படுகிறது. கிராப்பில் பிக்சல்கள் நெருக்கமாக இருந்தால் இறகு இன்னும் துல்லியமாக வரும், லாபம் அவ்வளவே. ஆனால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும், ஷட்டர் வேகத்தை 1/450 வினாடிக்குக் கீழே விடாதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்கப் போனால் உங்கள் பாடியையும் கொண்டுபோங்கள். பாடி ஃபுல் ஃப்ரேம் என்றால் லென்ஸை மாட்டி, ஜூமை அகலமான முனையில் வைத்து, கடையின் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். மூலைகள் கறுத்திருக்கின்றனவா, படத்தின் பிக்சல் அளவு பாடி தர வேண்டிய முழு அளவில் இருக்கிறதா என்று திரையிலேயே பார்த்துவிட்டு, அப்புறம் பேரம் பேசுங்கள்.