கணுக்கால் முறிந்தால் அமெரிக்காவில் யாரிடம் போவது?

விடுமுறைக்கு சேலம் வந்தவனை அஸ்தம்பட்டி காய்கறிக் கடையில் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். மகன் ஆகஸ்டில் சிகாகோவுக்குப் படிக்கப் போனவன். ஏற்காட்டுக்கே ஸ்வெட்டர், மஃப்ளரோடு போகிற பையன். அங்கே உறைபனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டானாம். "ஆபரேஷன்ங்கிறாங்க. ஆனா அந்த டாக்டர் எம்.டி.யே இல்லையாம் தம்பி. போலியா இருக்குமோ?"

போலி இல்லை. புதிதாகப் போகிறவர்கள் பலரும் இதில் குழம்புவதால் எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்தது சுளுக்கு வழிப்பவர், புத்தூர் கட்டு, அப்புறம் எலும்பு டாக்டர். அமெரிக்காவில் பாதத்துக்கென்றே தனி டாக்டர் உண்டு, போடியாட்ரிஸ்ட். பெயருக்குப் பின்னால் எம்.டி.க்குப் பதில் டி.பி.எம். என்ற பட்டம் இருக்கும். நான்கு வருடப் பாத மருத்துவப் படிப்பு, பிறகு மூன்று வருட மருத்துவமனைப் பயிற்சி. நம்மூர் எலும்பு டாக்டர் மாதிரி ஆர்த்தோ சர்ஜன்களும் இருக்கிறார்கள். ஐந்து வருடப் பயிற்சிக்குமேல் பாதம், கணுக்காலுக்கென்று இன்னும் ஒரு வருடம் பயின்றவராகப் பாருங்கள்.

எல்லா போடியாட்ரிஸ்டும் கணுக்காலில் கத்தி வைப்பவர் அல்லர். அவர்கள் எதுவரை செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏ.பி.எஃப்.ஏ.எஸ். என்ற வாரியம் பாத அறுவைக்கு ஒரு சான்றும், பின்பாதம், கணுக்கால் சீரமைப்புக்குத் தனிச் சான்றும் தருகிறது. கணுக்கால் என்றால் இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள். "இதே ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். இங்கே கேட்கக் கூச்சப்படுவோம். அங்கே அது சாதாரணக் கேள்வி.

இன்சூரன்ஸ் எச்.எம்.ஓ. வகை (தன் பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகச் சொல்லும் திட்டம்) என்றால் பெரும்பாலும் முதலில் குடும்ப டாக்டரின் பரிந்துரை வேண்டும். சர்ஜன் மட்டுமல்ல, ஆபரேஷன் நடக்கும் இடமும் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், இருக்க வேண்டும்.

எந்தக் கால் என்று கேட்டேன். வலதாம். சரி, வாரக்கணக்கில் கார் ஓட்ட முடியாது, காலை ஊன்றவும் விடமாட்டார்கள். கூப்பிட்டால் வாசலில் வந்து நிற்க நம்மூர் ஆட்டோ அங்கே இல்லை. முழங்காலை மடித்து வைத்து உருட்டிப் போகும் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் மாடிப்படிக்கு உதவாது. அறைத்தோழர்கள் இப்போதே முறை போட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் கேட்ட அக்கா, "மாவுக்கட்டு மட்டும் போட்டா ஆகாதா?" என்றார். எலும்பு விலகாமலிருந்தால் சிலருக்கு ஆகும். இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கலாம், ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்க அவனுக்கு உரிமை உண்டு. வாங்கி அனுப்பினால், ஐந்து ரோட்டில் அக்கா வழக்கமாகப் பார்க்கும் எலும்பு டாக்டரிடமும் காட்டிவிடலாம்.